உலராத எட்டு விதைகள்

"காய வெச்சுக் கொண்டாங்கன்னு மூணு தரம் சொல்லியாச்சு—"

"காய வெச்சாச் செத்துப்போகும்னு நானும் மூணு தரம்—"

"சட்டத்துல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும். விதைன்னா உலர்ந்த—"

"மரத்துல இருந்ததத்தான் நானும் கொண்டாந்திருக்கேன். இது உலர்ந்தா—"

"இந்தாம்மா. ஒருத்தர் பேசி முடிக்கட்டும்."

"சரிய்யா, நீங்களே முடிங்க. அதுக்குள்ள இதுவும் காஞ்சிரும், உங்க வேலையும் முடிஞ்சிரும்."

ஏழ்சுனை நாட்டு விதைக் கருவூலத்தின் மூன்றாம் சன்னலில் நடந்த சண்டை இது. சன்னலுக்கு உள்ளே இருந்தவர் பதிவர் கோமதிநாயகம். வெளியே நின்றவள் கீழ்ச்சுனை ஊர்க்காரி ஒய்யம்மா. அவள் மடியில் ஈரப்பாசி சுற்றிய எட்டு விதைகள் இருந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. சுனைமரத்தின் விதைகள். அந்த விதை மரத்திலிருந்து விழுந்த இருபத்தொரு நாளுக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். அதுவரை ஈரம் குறையக் கூடாது. தோல் சுருங்கினால் கதை முடிந்தது. விழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

நாட்டிலேயே கடைசியாகக் கீழ்ச்சுனையில் நின்ற சுனைமரத்தை வெட்டிச் சாய்த்தபோது சிதறியவை அவை. மற்றவை வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப்போயின. சுனைமரம் எங்கே நிற்கிறதோ அதன் வேரடியில்தான் அந்த நாட்டில் சுனை சுரக்கும். மரம் போன இடங்களில் சுனை ஒரு வருஷம் கசியும், மறு வருஷம் பாசி காயும், அப்புறம் பாறை. கீழ்ச்சுனையில் ஒன்பது வீடுகள். குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

ஆகவே அந்த எட்டு விதைகளையும் பத்து நாளுக்குள் நடவேண்டும். ஒய்யம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். நடுவதற்கு ஒரு குழி தோண்டினால் போதாதா என்று வெளிநாட்டார் கேட்கலாம். ஏழ்சுனை நாட்டின் சட்டங்கள் அவர்களுக்குத் தெரியாது.

அந்த நாட்டில் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காட்டுச்செடி பொறுப்பாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஆவாரை, ஒரு வீட்டுக்குக் காட்டுமல்லி, ஒரு வீட்டுக்குப் பூனைக்காலி. பூனைக்காலி வீட்டாரோடு யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை. அந்தக் காயின் சுணை பட்டால் மூன்று நாள் சொறிந்துகொண்டிருக்க வேண்டும். மலையில் அந்தந்தச் செடி காய்க்கும்போது அந்தந்த வீட்டார் விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். மூன்றாம் வருஷம் அந்த விதையை மலையிலேயே விதைத்துவிட்டுப் புது விதை எடுப்பார்கள். காடு எரிந்த வருஷங்களில் மலை திரும்பப் பச்சையானது குடுக்கை விதையால்தான். சுனைமரத்துக்கு மட்டும் குடுக்கை உதவாது. அது கீழ்ச்சுனைக்காரர்களின் பொறுப்பு. விழுந்ததும் பொறுக்கி அப்படியே நட்டுவிடுவார்கள்.

தேர்தலும் விதையால்தான் நடந்தது. தலைக்காவலர் பதவிக்கு நிற்பவர்கள் ஆளுக்கொரு பானை வைப்பார்கள். வயது வந்தவர்கள் தங்கள் வீட்டு விதையில் ஒன்றை வேண்டியவர் பானையில் போடுவார்கள். தோற்றவர் பானையில் விழுந்தவை வீடுகளுக்கே திரும்பிவிடும். வென்றவர், நாற்காலியில் உட்காருமுன், தன் பானை விதைகள் அத்தனையையும் மலையின் மொட்டைப் பகுதியில் தன் கையால் விதைத்தாக வேண்டும். அதனால் அதிக வித்தியாசத்தில் ஜெயிக்க யாரும் ஆசைப்பட்டதில்லை. முன்பிருந்த ஒரு தலைக்காவலர், "இருநூறுக்கு மேல் வேண்டாம், எனக்கு இடுப்பு சரியில்லை" என்று வீடுவீடாகக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டாராம்.

இப்போதைய தலைக்காவலர் முதன்முறை வென்றதும் பதினோரு விதை விதைத்தார். பிறகு நிமிர்ந்தார். பக்கத்தில் குடை பிடித்து நின்ற மந்திரி வரகுணரிடம் கேட்டார்.

"வரகுணரே, இது என்ன வேலை?"

"மரபு, தலைவரே."

"மரபு என்றால் குனிந்துகொண்டுதான் இருக்க வேண்டுமா?"

"நிமிர்ந்தும் இருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன்."

மந்திரி மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் மைதானத்தில் மக்களைக் கூட்டி, "விலைமதிப்பற்ற உங்கள் விதைகளைச் சேற்றில் எறிவதா?" என்று கேட்டார். "எலி தின்கிறது. ஆடு மேய்கிறது. மழை அடித்துக்கொண்டு போகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?" ஆடு மேய்வது உண்மைதான் என்பதால் மக்கள் கை தட்டினார்கள். ஒய்யம்மாவும் தட்டினாள். விதையைச் சேர்த்துவைப்பது நல்ல காரியம் என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை.

கருங்கல்லால் கருவூலம் எழும்பியது. இரண்டு முழக் கனத்தில் சுவர். உள்ளே வெளிச்சம் கிடையாது, ஈரம் கிடையாது. முதல் ஆணைப்படி, தலைக்காவலரின் பானை விதைகள் உகந்த மழை வரும்வரை அங்கே வைக்கப்பட்டன. உகந்த மழை எது என்று முடிவு செய்யக் குழு அமைக்கப்பட்டது. இரண்டாம் ஆணைப்படி வீட்டுக் குடுக்கைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. விதையை வீட்டில் வைத்திருப்பதற்குப் பதுக்கல் என்று பெயர் வந்தது.

உள்ளே வேலை பார்த்தவர்கள் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சாடியிலிருந்தும் பத்து விதை எடுத்து ஈரத்துணியில் சுற்றிவைப்பார்கள். முளைத்தால் சாடி உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் மந்திரி சோதனைக்கு வந்தார்.

"ஆவாரையில் பத்து குறைகிறதே, எங்கே?"

"முளைச்சிருச்சுங்கய்யா."

"முளைக்க யார் அனுமதி கொடுத்தது?"

முளைத்தல் என்பது இருப்பைக் குறைக்கும் செயல் என்று மூன்றாம் ஆணை வந்தது. அதன்பின் எந்தச் சாடியும் சோதிக்கப்படவில்லை. எந்தச் சாடியிலும் இருப்பு குறையவில்லை.

நான்காம் ஆணைதான் மலைக்கு வந்தது. "மூலம் கருவூலத்தில் பத்திரமாக இருக்கிறது. மலையில் நிற்பவை நகல்கள். மூலம் கையில் இருக்கும்போது நகலைக் கட்டிக் காப்பது வீண்வேலை" என்றார் மந்திரி. மலைச்சரிவுகள் கல் உடைக்கிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பதிவான செடிகள் நகல் என்பதால் வெட்டப்பட்டன. கருவூலத்தில் வைக்க முடியாத சுனைமரம் பதிவாகவே இல்லை. பதிவில்லாத மரம் ஆக்கிரமிப்பு என்பதால் அதுவும் வெட்டப்பட்டது. ஏழில் ஆறு சுனைகள் வற்றின.

ஐந்தாம் ஆணை: கருவூலத்திலிருந்து அனுமதியோடு எடுக்கப்பட்ட விதையைத் தவிர வேறெதையும் மண்ணில் இடுவது குற்றம். அனுமதி வேண்டுவோர் முதலில் விதையைக் கருவூலத்தில் செலுத்த வேண்டும். செலுத்தும் விதை உலர்ந்திருக்க வேண்டும்.

ஒய்யம்மா சன்னலில் நின்றது இதற்காகத்தான்.

"ஒரு வழி சொல்றேன்," என்றார் கோமதிநாயகம். "மனுக் குடுங்க. விசேஷ அனுமதி கேட்டு."

"எத்தன நாள் ஆகும்?"

"தொண்ணூறு."

"இதுக்கு இருக்கறது பத்து நாள்யா."

"அப்ப அவசரம்னு எழுதுங்க."

"எழுதினா?"

"அவசர மனுவுக்குத் தனி வரிசை. நூத்திருபது நாள்."

ஒய்யம்மா சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் பாசியை விலக்கி ஒரு விதையைச் சன்னல் பலகையில் வைத்தாள். கோமதிநாயகம் ஒரு விரலால் அதைத் தொட்டார். ஐந்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் ஈரமான எதையும் அவர் தொட்டதில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பக்கத்துச் சன்னலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஈர விதைய வாங்கக் கூடாதுங்கறது கருவூலச் சட்டம். ஓட்டுப்பானைக்கு அந்தச் சட்டம் கெடையாது."

"அப்படின்னா?"

"மத்த ஊருக்கெல்லாம் தேர்தலன்னிக்கு அவங்கவங்க இருப்புலருந்து ஆளுக்கு ஒரு விதை குடுப்போம். உங்க ஊருக்கு இங்க இருப்பே இல்ல. கையில இருக்கறதக் கொண்டாந்து போடலாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது.

கீழ்ச்சுனையில், வற்றத் தொடங்கியிருந்த சுனையைச் சுற்றி ஒன்பது வீட்டாரும் கூடினார்கள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஒரு குடம் நிறைய அரை நாள் ஆனது. பேசுவதற்கு நேரம் இருந்தது. ஒய்யம்மா தன் யோசனையைச் சொன்னாள். அவளுடைய கொழுந்தன் தவசிக்கு அது பிடிக்கவில்லை.

"மதினி, நீங்க சொல்றது எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சா? மரத்த வெட்டினவன் பானையில கொண்டுபோய் மரத்தோட விதையப் போடணும்ங்கறீக."

"ஆமா."

"எதுக்கு? மிச்சம் வெச்சுட்டானேன்னு நன்றி சொல்லவா?"

"நீ பேசி முடிச்சப்பறம் நான் சொல்றேன்."

"நான் முடிக்கல. திருமலைக்கொழுந்துன்னு ஒருத்தர் எதுத்து நிக்கறாரே, அவரு பானை என்ன ஓட்டைப்பானையா? மலைய மறுபடி ஊர்கையில குடுப்பேங்கறாரு."

"ஜெயிப்பாரா?"

தவசி குடத்தை நேராக்கி வைத்தான்.

"கேக்கறேன்ல. ஜெயிப்பாரா?"

"ஜெயிக்க மாட்டாரு."

"அப்ப அவரு பானையில விழுந்த விதைய என்ன செய்வாக?"

"எரிப்பாக." தோற்ற பானையின் விதைகள் குழப்பம் விளைவிப்பவை என்பதால் எரிக்கப்படும் என்று அந்த வருஷம் ஆறாம் ஆணை வந்திருந்தது.

"ஜெயிச்ச பானை விதைய?"

இதற்கும் எல்லாருக்கும் பதில் தெரியும். போன வாரம்தான் தலைக்காவலர் குதிரைவண்டியில் வந்து, கீழ்ச்சுனை முக்கில் நின்று, நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இம்முறை தன் பானையில் விழும் ஒவ்வொரு விதையையும், வென்ற மூன்றாம் நாள், இதே சரிவில், தன் கையால் விதைப்பதாக. குனிந்து காட்டவும் செய்தார்.

"அவன் சொன்னத நம்புறீகளா மதினி?"

"அவன நம்பல. வேற வழி இருந்தாச் சொல்லு. நாலும் மூணும் ஏழு நாளு. பத்துல ஏழு போனா மூணு நாளு மிச்சம் இருக்கு. அவன் வெட்டினான்தான். மம்பட்டியும் அவன் கையிலதான இருக்கு."

"மம்பட்டி இருக்கறவனுக்கெல்லாம் ஓட்டுப் போட்டா, அப்புறம் அவன் நம்ம வீட்டு வாசல்லதான் தோண்டுவான்."

"தோண்டட்டும். குழியாவது இருக்கும்ல, நான் நட்டுக்கறேன்."

பெண்கள் சிரித்தார்கள். தவசியும் சிரித்துவிட்டான். சிரித்ததில் பாதி வாதம் தோற்றுப்போனது. ஓட்டு வீணாகக் கூடாது, விதையும் வீணாகக் கூடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தவசி மட்டும் கை நீட்டினான்.

"எட்டுல ஒண்ண என்கிட்டக் குடுங்க. நான் ஓட்டுப் போடப் போகல."

"என்ன செய்யப் போற?"

"உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

ஒய்யம்மா கொஞ்சம் யோசித்து, சிறியதாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நல்லவை ஏழும் பானைக்கு.

தேர்தலன்று பானைக்குப் பக்கத்தில் நின்ற காவலன் ஈர விதையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "சொட்டுதே" என்றான். மந்திரி வரகுணர் அவனைக் கடிந்துகொண்டார். "தலைவரின் பானைக்கு வரும் எதையும் தடுக்காதே. அது ஆனந்தக் கண்ணீராக இருக்கும்." ஏழு விதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விழுந்தன. ஒய்யம்மா தன்னுடையதை எறியாமல், கையைப் பானைக்குள் முடிந்தவரை நுழைத்து மெதுவாக விட்டாள்.

அன்று அந்த நாட்டில் ஒய்யம்மா மட்டுமே இப்படி யோசித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஆவாரை வீட்டார், காட்டுமல்லி வீட்டார், பூனைக்காலி வீட்டார், எல்லாரும் இதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். தலைக்காவலரை யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் எப்படியும் ஜெயிக்கிறவர் பானையில் போட்டால்தான் விதை மலைக்குப் போகும். தோற்கிற பானையில் போட்டால் நெருப்புக்குப் போகும். திருமலைக்கொழுந்து வாசலில் நின்று தன் மனைவியிடம் மட்டும் கேட்டாராம், "நீயாவது எனக்குப் போட்டியா?" என்று.

"உங்க பானையில போட்டு எங்கப்பன் வீட்டுக் காட்டுமல்லிய எரிக்கச் சொல்றீகளா?"

ஆறாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் விதைகள் தலைக்காவலர் பானையில். எதிர்ப்பானையில் ஒன்று. அது திருமலைக்கொழுந்துவின் சொந்த விதை, சொன்னபடி எரித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கீழ்ச்சுனைச் சரிவில் பந்தல் போட்டார்கள். ஒன்பது வீட்டாரும் சரிவு முழுக்கக் குழி வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். தலைக்காவலர் அலங்கரித்த பானையோடு வந்தார். குழிகளைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். கண் கலங்கினார்.

"என் மக்களே, நான் வாக்குக் கொடுத்தவன்தான். விதைக்கத்தான் வந்தேன். ஆனால் இத்தனை அன்பையும் மண்ணைப் போட்டு மூட என் மனம் இடம் தரவில்லை. இந்த வெற்றி போல் ஒன்று இதற்குமுன் நடந்ததில்லை. இது காப்பாற்றப்பட வேண்டும்."

"வாக்குறுதி என்னய்யா ஆச்சு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"வாக்குறுதியும் பானையோடு சேர்த்துக் காப்பாற்றப்படும்" என்றார் மந்திரி.

பானையின் வாயில் மெழுகு ஊற்றினார்கள். அதன்மேல் அரக்கு வைத்தார்கள். அரக்கின்மேல் முத்திரை. ஒய்யம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். தவசி பக்கத்தில் வந்து நின்றான். ஏதாவது குத்தலாகச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

விதை விழுந்த இருபதாம் நாள் அவள் மறுபடி சன்னலுக்குப் போனாள்.

"ஏழே ஏழு, ஐயா. மேலாகத்தான் கெடக்கும். எடுத்துக் குடுத்திருங்க."

"முத்திரை வெச்சது தெரியும்ல."

"முத்திரைய மறுபடி வெச்சுக்கலாம்."

"அந்தப் பானையத் தெறக்கறது மக்கள் தீர்ப்பச் சந்தேகப்படுறதும்மா. ஏழாவது ஆணை. தலை போற குத்தம்."

"தீர்ப்புச் சொன்ன மக்கள்ல நானும் ஒருத்திதான? நான் போட்டத நான் கேக்கறேன்."

"போட்டதோட உங்க வேலை முடிஞ்சிருச்சு," என்றார் கோமதிநாயகம். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பத்திரமா இருக்கும். கவலைப்படாமப் போங்க."

இருபத்தொன்றாம் நாளும் போனது.

சுனைக்குப் பின்னால், பாறை மறைவில், ஓர் உடைந்த சட்டிக்குள் தவசியின் விதை முளைத்தது. செம்பு நிறத்தில் இரண்டு இலை. ஒன்பது வீட்டாரும் குடிதண்ணீரில் ஆளுக்கு ஒரு கை ஊற்றி வளர்த்தார்கள். ஊரில் யாரும் அதைப்பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் சுனைக்குப் போகிறேன் என்று எழுந்த எல்லாரும் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பினார்கள். நாலாவது இலை விட்டபோது மந்திரியே காவலர்களோடு வந்துவிட்டார். கல் உடைக்கிறவர்களில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"இதன் விதை கருவூலத்தில் பதிவாகவில்லை" என்றார் மந்திரி, ஏட்டைப் புரட்டிவிட்டு. "ஆகவே இது முளைத்திருக்க முடியாது."

"முளைச்சிருக்கே" என்றான் தவசி.

"அதுதான் குற்றம்."

"ஐயா, நாட்டுலயே இது ஒண்ணுதான் மிச்சம். புடுங்கிட்டீகன்னா அப்புறம் கேட்டாலும் கெடைக்காது."

"நாட்டிலேயே ஒன்றுதான் என்கிறாயா?" மந்திரி அக்கறையோடு குனிந்து பார்த்தார். "அப்படியென்றால் இதை இப்படி வெயிலிலும் காற்றிலும் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய அலட்சியம்."

கன்றை வேரோடு எடுத்தார்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே கல்லேற்றி, மூன்று வாரம் உலர்த்தினார்கள். பிறகு கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கருவூல வாசலில் மாட்டினார்கள். 'சுனைமரம். அழிவின் விளிம்பிலிருந்து அரசால் மீட்கப்பட்டது' என்று அதன்கீழே எழுதியிருந்தது. பள்ளிப்பிள்ளைகளை வரிசையில் கூட்டிவந்து காட்டினார்கள்.

தவசியையும் அன்றே கொண்டுபோனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒய்யம்மா ஒவ்வொரு வாசலாகக் கேட்டாள். கடைசி வாசலில் இருந்தவர் எரிச்சல்படாமல் பதில் சொன்னார்.

"பத்திரமாக இருக்கிறார், அம்மா. வெயில் படாத இடம்."

அவள் வீட்டுக்கு வந்து தவசியின் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாமல் சுனையடியில் உட்கார்ந்திருந்தாள். சுனை அந்தக் கோடையில் நின்றது. ஒன்பது வீட்டாரும் கல் உடைத்த கிடங்குப் பள்ளத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தார்கள்.

கருவூலத்துக்குள் நடந்தது கோமதிநாயகத்துக்கு மட்டும்தான் தெரியும். முதலில் அழுகின வாழைப்பழம் மாதிரி ஒரு வாடை வந்தது. அப்புறம் பானையின் அடியில் ஈரம் கசிந்தது. அந்த ஈரத்திலிருந்து வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை கிளம்பிச் சுவர் ஏறி, பக்கத்துச் சாடிக்குப் போனது. அங்கிருந்து அடுத்த சாடிக்கு. காற்றில்லாத, வெளிச்சமில்லாத, யாரும் எதையும் திறந்து பார்க்காத அந்த இடம் அதற்கு மிகவும் வசதியாக இருந்தது. ஆவாரைச் சாடி கறுத்தது. காட்டுமல்லிச் சாடி கட்டிதட்டியது. அவர் மந்திரிக்குக் குறிப்பு எழுதினார்.

"பானையிலிருந்து வாடை வருவதாக எழுதியிருக்கிறீர். என்ன வாடை?"

"அழுகல் வாடைங்கய்யா."

"மக்களின் தீர்ப்பு அழுகிவிட்டது என்கிறீரா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"பின்னே எப்படி?"

கோமதிநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

"ஒரு மாதிரி... கனிஞ்ச வாசனைங்கய்யா."

"அப்படியே எழுதிக் கொடும்" என்றார் மந்திரி.

ஐந்து வருஷம் முடிந்தது. தேர்தல் எப்போது என்று ஜனங்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு முற்பகலில் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொல்லிப் பறையறைந்தார்கள். மேடையில் தலைக்காவலர் நடுவில், மந்திரி வலப்பக்கம், இடப்பக்கம் ஒரு சிறிய மேசை போட்டு, ஏட்டோடு பதிவர் கோமதிநாயகம். ஒய்யம்மா கிடங்கிலிருந்து வரும் வழியில் இடுப்பில் குடத்தோடு வந்து முன்வரிசை ஓரமாக நின்றாள்.

தலைக்காவலர் எழுந்தார்.

"என் மக்களே, நீங்கள் சென்றமுறை போட்ட ஓட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் கருவூலத்தில் இருக்கின்றன. பழுதில்லாத ஓட்டு கைவசம் இருக்கும்போது புதிய ஓட்டு எதற்கு? நீங்கள் வெயிலில் வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஓட்டுகளே மறுபடியும் விழுந்ததாகக் கொள்ளப்படும். உங்கள் பிள்ளைகளுக்கும் அவையே போதும். யாரும் சிரமப்பட வேண்டாம்."

மைதானம் அமைதியாக இருந்தது. மந்திரி தட்டியதும் கொஞ்சம் பேர் தட்டினார்கள்.

"இதில் யாருக்கும் ஐயம் வரக் கூடாது என்பதற்காக, கருவூலத்தின் சான்றிதழைப் பதிவர் இப்போது வாசிப்பார்" என்றார் மந்திரி.

கோமதிநாயகம் எழுந்து நின்று வாசித்தார். "பானையின் முத்திரை குலையவில்லை. எண்ணிக்கையில் குறைவில்லை. உள்ளே உள்ளவை யாவும் நலமாக உள்ளன. தினமும் நேரில் கண்டவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி."

ஏட்டை மூடினார். உட்காருவதற்கு நாற்காலியை இழுத்தார். தண்ணீர்க்குடத்தைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு ஒய்யம்மா மேடைக்கு அருகில் வந்தாள். தலைக்காவலரையோ மந்திரியையோ அவள் பார்க்கவில்லை. இரைந்தும் பேசவில்லை, ஆனால் மைதானம் இருந்த அமைதியில் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"பதிவர்ய்யா, தெனமும் உள்ள போய் வர்றவரு நீங்க ஒருத்தருதான். அந்தப் பானையத் தாண்டும்போது மூக்கப் பொத்திக்கிட்டுப் போறீகளா, பொத்தாமப் போறீகளா?"